கல்லும் இராட்டினமும்

விடுமுறை என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் ஒரு கேள்வி அடங்கியிருப்பதைக் காணலாம். முறையை விடுவது விடுமுறை. மணியடித்ததும் எழுந்து, மணியடித்ததும் அமர்ந்து, மாதக் கடைசியை எண்ணிக்கொண்டே வாழும் அன்றாட முறையைச் சில நாள்களுக்கு விட்டுவிடுகிறோம். விட்ட கையால் எதைப் பற்றிக்கொள்கிறோம் என்பதே கேள்வி. கோடை பிறந்ததும் நம் இல்லங்களில் எழும் 'எங்கே போகலாம்?' என்னும் சிறு வழக்கு இக்கேள்வியின் மறுவடிவமே. கோட்டையும் கோயிலும் காணச் செல்வதா, இராட்டினமும் நீர்ச்சறுக்கும் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்வதா என்று பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக நின்று வாதிடுகின்றனர். முடிவில் இரண்டையும் சேர்த்து ஒரு திட்டம் வகுத்துச் சமாதானமாகின்றனர். வழக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அறநெறி நோக்கில் பார்த்தால் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தின் உல்லாசப் பயணத்திற்கு இத்தனை பெரிய ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். இறைவன் மோசே வழியாகத் தந்த பத்துக் கட்டளைகளை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். கொலையைத் தடுக்க ஒரே சொல் போதுமானதாயிருந்தது. ஓய்வைப் பற்றிய கட்டளையோ நீண்டு செல்கிறது. மகனும் மகளும், பணியாளனும் பணிப்பெண்ணும், கால்நடையும், வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியனும் ஓய்வு பெற வேண்டும் என்று அது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறது. நாம் எவ்வாறு உழைக்கிறோம் என்பதைப் போலவே எவ்வாறு ஓய்கிறோம் என்பதும், யாரோடு ஓய்கிறோம், யாரை விட்டுவிட்டு ஓய்கிறோம் என்பதும் இறைவன் முன் கணக்கிற்கு வருகின்றன.

ஐந்து நாளும் இரண்டு ஆசையும்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்பது நலம். பெயர் வேண்டாம்; புதுக்கோட்டை வட்டாரத்தில் இத்தகைய குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தந்தை வளைகுடா நாடொன்றிலோ சிங்கப்பூரிலோ உழைக்கிறார். ஆண்டுக்கொரு முறை, சில வேளை ஈராண்டுக்கொரு முறை, முப்பது நாள் விடுப்பில் திருக்கோகர்ணத்து இல்லத்திற்கு வருகிறார். அம்முப்பதில் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குச் சில நாள், வங்கிக்கும் பத்திர அலுவலகத்திற்கும் சில நாள், ஒழுகும் கூரையைச் செப்பனிடச் சில நாள் என்று கழித்தால், பிள்ளைகளுக்கென்று மிஞ்சுவது ஐந்தே நாள். பன்னிரண்டு வயது மகன், எட்டு வயது மகள், மனைவி, முதிய தாய் ஆகியோரே அவர் குடும்பம்.

ஐந்து நாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சென்னையின் கேளிக்கைப் பூங்காக்கள் வேண்டும். தாய்க்குச் சாந்தோம் பேராலயமும் பரங்கிமலையும் வேண்டும். தந்தைக்கு, தாம் சிறுவனாயிருந்தபோது பாடநூலில் மட்டுமே கண்ட மாமல்லபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நல்வாய்ப்பாக எல்லாம் ஒரே திசையில் அமைந்துள்ளன. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்கா, அதையும் கடந்தால் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்கா, அதன் அருகிலேயே தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுவி 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, இன்னும் தெற்கே, 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட மாமல்லபுரம். ஒரே சாலையில் பல்லவர் சிற்பமும் அலைக்குளமும் கிடைக்கின்றன. இரவு இரயிலில் ஏறினால் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தொலைவைத் தூக்கத்திலேயே கடந்துவிடலாம். முதியவருக்கு முழங்கால் வலி. அவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார்.

திட்டத்தில் குறையொன்றும் இல்லைபோல் தோன்றுகிறது. ஆனால் திட்டம் போடும் தந்தையின் நெஞ்சில் எழுதப்படாத ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மகளின் முதல் திருவிருந்தின்போது அவர் அருகில் இல்லை. மகன் காய்ச்சலில் கிடந்த இரவுகளில் தொலைபேசியில் மட்டுமே இருந்தார். இத்தனை நாள் இல்லாமற்போன கடனை ஐந்து நாளில் அடைத்துவிட வேண்டும். எவ்வளவு செலவானாலும் சரி, பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சரி. உல்லாசப் பயணம் என்பது அவரைப் பொறுத்தவரை கடன் தீர்க்கும் தவணை. இங்கேதான் நம் சிந்தனைக்குரிய கேள்வி பிறக்கிறது: உடனில்லாத நாள்களின் கடனைக் காட்சிகளைக் கொண்டு அடைக்க முடியுமா?

பிள்ளைகள் கேட்பதற்காக நடப்பட்ட கற்கள்

யோசுவா நூலின் நான்காம் அதிகாரம் ஓர் அரிய நிகழ்ச்சியைக் கூறுகிறது. இஸ்ரயேல் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்தபின், குலத்திற்கு ஒருவராகப் பன்னிருவர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களைத் தோளில் சுமந்து வந்து கில்காலில் நிறுவினர். எதற்காக? பின்னாளில் பிள்ளைகள் தம் தந்தையரிடம் இக்கற்களின் பொருள் என்னவென்று கேட்பார்கள்; அப்போது தந்தையர் ஆறு பிரிந்த கதையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. நினைவுச்சின்னத்திற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் உண்டோ? கல் தானாகப் பேசாது. பிள்ளை கேட்க வேண்டும். பெற்றவர் சொல்ல வேண்டும். கல் இருவருக்கும் நடுவே நிற்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பாறையே.

இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால், வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்வது தானாகவே உயர்ந்த செயல் ஆகிவிடுவதில்லை என்பது புலப்படும். சிற்பத்தின் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, அறிவிப்புப் பலகையின் முதல் வரியைப் படித்துவிட்டு அடுத்த இடத்திற்கு விரையும் குடும்பம் கல்லைக் கண்டது. ஆனால் கேள்வி பிறப்பதற்கு இடங்கொடுக்கவில்லை. கேள்வி பிறக்க நேரம் வேண்டும். சலிப்பும் சிறிது வேண்டும். சற்றே சலித்துப்போன பிள்ளைதான் சுற்றுமுற்றும் பார்க்கிறது, பார்த்தபின் கேட்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் இத்தகைய கேள்விகளின் களஞ்சியம். கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எழுப்பிய கற்றளி அது. அங்கே செல்லும் எந்தச் சிறுவனும் முதலில் எண்ணத் தொடங்குவான். மூவர் என்கிறார்கள், இரண்டுதானே நிற்கிறது என்பான். மூன்றாவதின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. இரண்டு ஏன் நின்றன, ஒன்று ஏன் விழுந்தது, விழுந்ததன் பெயரும் ஏன் இன்னும் வழங்குகிறது என்று அச்சிறு எண்ணிக்கையிலிருந்து எத்தனை கேள்விகள் எழும்! குடுமியான்மலையில் ஒரு பாறை முழுவதும் இசைக் குறிப்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. பாட்டைக் கல்லில் எழுதுவானேன் என்று சிறுமி ஒருத்தி கேட்டால், பதில் சொல்ல நாமும் சற்றே சிந்திக்க வேண்டியிருக்கும். ஆவூரில், மதுரை மறைப்பணித்தளத்தின் பழங்கால நினைவைத் தாங்கி நிற்கும் பெரியநாயகி அன்னையின் ஆலயத்திற்குச் சென்றால், வீரமாமுனிவர் பணியாற்றிய மண் இது என்று சொல்லலாம். இத்தாலியில் பிறந்தவர் ஏன் தமிழில் காப்பியம் எழுதினார் என்னும் கேள்வி உடனே வரும். அதற்குரிய விடை விசுவாசத்தைப் பற்றியும், அன்பு கொண்டவன் அன்பு செய்யப்பட்டவரின் மொழியைக் கற்பதைப் பற்றியும் பேசாமல் முடியாது.

திருக்கோகர்ணமே ஒரு கேள்விதான். கோ என்றால் பசு. கர்ணம் என்றால் செவி. தெய்வப் பசு தன் செவியில் நீர் கொணர்ந்து வழிபட்டதாகத் தலக்கதை கூறும். செவியால் பெயர்பெற்ற ஊரில் வாழ்பவர்கள் கேட்பதற்குச் சற்றே கடமைப்பட்டவர்கள் எனலாம்.

விளையாட்டின் உரிமை

ஆதலால் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது வீண் என்று முடிவுகட்டலாமா? அது அவசர முடிவாகும். நம்மிடையே ஒருவகைப் பக்திமான்கள் உள்ளனர். சிரிப்பொலி கேட்டாலே அவர்கள் முகம் சுருங்கும். அவர்கள் செக்கரியா இறைவாக்கினரின் எட்டாம் அதிகாரத்தைப் படிப்பது நல்லது. மீட்கப்பட்ட எருசலேமின் அடையாளமாக இறைவாக்கினர் எதைக் காட்டுகிறார்? முதியோர் கோலூன்றி வீதிகளில் அமர்ந்திருப்பதையும், அதே வீதிகள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருப்பதையும் காட்டுகிறார். இறையாட்சி வந்துவிட்டது என்பதற்குத் தெருவில் விளையாடும் குழந்தைகளே சான்று. முதியோரும் அதே தெருவில் இருக்கின்றனர் என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன்; அதற்குப் பின்னர் வருவோம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்ந்தவர். உடல் களைத்தால் உறங்கி ஓய்வதுபோல உள்ளம் களைத்தால் விளையாடி ஓய வேண்டும் என்பது அவர் கருத்து. அங்கே ஒரு பழங்கதையை நினைவூட்டுகிறார். முதியவரான திருத்தூதர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் வில் ஏந்திய ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தபின், இடைவிடாது இப்படியே எய்துகொண்டிருக்க இயலுமா என்று வினவினார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். உள்ளமும் அவ்வாறே என்றார் திருத்தூதர். அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அளவிறந்து விளையாடுவது குற்றம். ஆனால் மகிழ்ச்சிக்கே இடங்கொடாமல், பிறர் மகிழ்வையும் தடுத்து, உடனிருப்போருக்குச் சுமையாயிருப்பதும் குற்றமே என்கிறார்.

நம் மக்களின் வாழ்வில் வழிபாடும் விளையாட்டும் பகைகொண்டிருந்ததில்லை. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-இல் கொடி ஏறிச் செப்டம்பர் 8-இல் திருவிழா நிறைவுறும் வரை, திருப்பலி கண்டு, மாதாவைத் தொழுது, கடைத்தெருவில் வளையலும் பேரீச்சம்பழமும் வாங்கி, இராட்டினத்தில் ஏறி இறங்காமல் ஊர் திரும்பும் குழந்தை அரிது. ஊர்த் திருவிழாக்களிலும் தேரும் குடை இராட்டினமும் ஒரே திடலில் சுற்றின. எது பக்தி, எது கேளிக்கை என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. மேனாட்டிலும் பெரிய இராட்டினம் ஒரு நினைவு விழாவிலேயே பிறந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாம் ஆண்டு நினைவாகச் சிக்காகோவில் 1893-இல் நடந்த கண்காட்சியில்தான் ஜார்ஜ் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரச் சக்கரத்தை நிறுத்தினார். வரலாறும் இராட்டினமும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம்.

பகை எங்கே உள்ளது?

அப்படியாயின் ஆபத்து எங்கே உள்ளது? கல்லிலும் இல்லை, இராட்டினத்திலும் இல்லை. இரண்டையும் ஒரே வாயால் விழுங்கிவிடும் நுகர்வு மனத்தில் உள்ளது.

கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது அதன் நுழைவாயிலை அடுத்து ஒரு பழைய வீதி அமைக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைவீதி அது. அங்கே பழமை உண்டு, புழுதி இல்லை. குதிரை வண்டி உண்டு; வறியவர் இல்லை. நினைவு உண்டு; அந்நினைவைப் பற்றிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேள்வி நீக்கப்பட்ட வரலாறு எளிதில் விற்பனையாகும். நாம் உண்மையான கற்களிடம் செல்லும்போதும் அதே மனத்தோடு சென்றால் மாமல்லபுரமும் நமக்கு இன்னொரு விளையாட்டுக் கருவியே. நான்காவது இடம் முடிந்தது, ஐந்தாவதற்கு நேரமாயிற்று என்று ஓடுகிறோம். பழஞ்சுவரில் ஆணியால் தன் பெயரைக் கீறிவிட்டுச் செல்லும் இளைஞனும் இதே மனத்தின் பிள்ளைதான். கேட்கத் தெரியாதவன் கீறுகிறான். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு ஈராண்டுச் சிறையும் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். ஆனால் கேள்வி கேட்கும் பிள்ளைக்குச் சட்டம் தேவையில்லை.

நுழைவாயில்களிலும் ஒரு பாடம் இருக்கிறது. பெரும்பாலான கேளிக்கைப் பூங்காக்களில் குழந்தையை அளவுகோலின் அருகே நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள், உயரத்திற்கேற்பக் கட்டணம். நால்வர் நுழைவதற்கே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களிலோ பதினைந்து வயதுக்குட்பட்ட சிறாருக்குக் கட்டணமே இல்லை. பூங்காவைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. இயந்திரத்திற்கும் பாதுகாப்புக்கும் பணம் வேண்டும், உயரம் பார்ப்பதும் உயிர்காப்பதற்கே பயன்படுகிறது. ஆயினும் விலை கொடுத்தோம் என்னும் எண்ணம் வந்தவுடன் மகிழ்ச்சியின் இயல்பு மாறிவிடுகிறது. கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும் என்று தந்தையே பிள்ளையைத் துரத்துகிறார். மகள் அஞ்சி அழுதாலும் சீட்டு வீணாகிறதே என்று சினக்கிறார். மகிழ்ச்சி அங்கே கடமையாகிறது. வாங்கிய மகிழ்ச்சிக்கு நாம் கணக்குக் கேட்கிறோம். கொடையாக வந்த மகிழ்ச்சிக்கு நன்றி சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதரை அறியாதவர் தமிழகத்தில் குறைவு. சீருடை அணிந்து, மீசை முறுக்கி, மணிக்கணக்கில் இமையும் அசையாததுபோல் நிற்பதே அவர் பணி. அவரைச் சிரிக்க வைக்கப் பார்வையாளர்கள் படாத பாடு படுவார்கள். தலைமுறைகள் அவரைச் சுற்றி நின்று மகிழ்ந்துள்ளன. அப்பணியை அவர் பெருமையோடு செய்திருக்கலாம்; நாம் தீர்ப்பிட வேண்டாம். ஆனால் அவர் முன் நிற்கும் நம் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்ல வேண்டியவர்கள் நாம். இவர் கல் அல்லர். மாலையில் கால் வலியோடு வீடு செல்லும் ஒரு தந்தை என்று சொல்ல வேண்டும். நம் விடுமுறை என்பது மற்றொருவரின் வேலைநாள். இராட்டினத்தை இயக்குபவர், தரை துடைக்கும் பெண், உணவகத்தில் தட்டு எடுக்கும் சிறு வயதினர் ஆகியோரே ஓய்வுநாள் கட்டளை பெயர் சொல்லி அழைத்த பணியாளரும் பணிப்பெண்ணும். தம் பிள்ளைகளைப் பிரிந்து அயல்நாட்டில் உழைக்கும் தந்தைக்கு இது மற்றெவரையும்விட நன்றாக விளங்கும். ஆனால் விடுமுறையில் வாடிக்கையாளராக மாறியதும் அவரும் அதை மறந்துவிடக்கூடும்.

சித்தன்னவாசலின் தாமரைக் குளம்

கல்லையும் இராட்டினத்தையும் சமரசப்படுத்த நாம் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில் அன்னவாசல் வழியில் சித்தன்னவாசல் உள்ளது. அங்குள்ள குன்றின் விளிம்பில் ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகை. அதனுள் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு படுக்கைகள், கல்லாலேயே தலையணைகள். ஒரு படுக்கையில் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து உள்ளது. சமணத் துறவிகள் உலக இன்பம் அனைத்தையும் துறந்து கடுந்தவம் புரிந்த இடம் அது. அதே குன்றின் மற்றொரு பக்கத்தில் அறிவர் கோயில் என்னும் குடைவரை. ஒன்பதாம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது.

பிற்காலத்தில் அக்குன்றின் அடியில் சுற்றுலாப் பயணிகளுக்கெனப் பூங்காவும் படகுக் குளமும் அமைந்தன. கல்லணையில் தலைவைத்துப் பசியோடு போராடியவர்களின் காலடியில் படகும் ஊஞ்சலுமா என்று மனம் நோவோர் உண்டு. அவர்கள் குடைவரைக்குள் சென்று தலையை நிமிர்த்தி மேல்விதானத்தைப் பார்க்க வேண்டும். மங்கிப்போன வண்ணங்களில் அங்கே ஒரு தாமரைக் குளம். மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் திளைக்கின்றன. தாமரை பறித்துத் தோளிலும் கையிலும் ஏந்தி ஆடவர் நிற்கின்றனர். சமண மரபின்படி, தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கச் செல்லும் நல்லோர் வழியில் இறங்கி மகிழ்ந்து மலர் பறிக்கும் குளமே இது என்று அறிஞர் விளக்குவர்.

எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. பாறையில் படுத்துத் தம்மை வருத்திக்கொண்டவர்களின் மரபு, தன் கூரையில் நீர் விளையாட்டை வரைந்து வைத்திருக்கிறது! அவர்கள் மகிழ்ச்சியை வெறுக்கவில்லை. அதை ஒரு பயணத்தின் நடுவில் வைத்தார்கள். குளத்தில் இறங்கலாம், மலர் பறிக்கலாம், யானையோடு நீராடலாம். ஆனால் குளம் முடிவிடம் அன்று. குளத்தைக் கடந்து, கையில் மலரோடு, அறவுரை கேட்கச் செல்ல வேண்டும். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. இந்தத் தாமரைக் குளத்தின் பாடத்தை நாம் தயக்கமின்றி ஏற்கலாம். மகிழ்ச்சி வழியில் இருக்க வேண்டியது. வழியை மறைக்கக் கூடாதது. செவிகொடுத்தலே பயணத்தின் நோக்கம்.

திட்டமிடுதலும் ஓர் அறச்செயலே

மேற்கண்டவற்றைக் கொண்டு அக்குடும்பம் தன் ஐந்து நாளை எவ்வாறு வகுக்கலாம்? பூங்காவைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் ஓராண்டாகக் காத்திருந்த ஆசை அது. அதற்கு ஒரு முழு நாளை மனமுவந்து கொடுப்பதே முறை. அந்நாளில் தந்தை கைப்பையைக் காத்துக்கொண்டு வெளியே அமராமல், தாமும் இராட்டினத்தில் ஏறட்டும், அஞ்சட்டும், மகன் தம்மைப் பார்த்துச் சிரிக்க இடங்கொடுக்கட்டும். ஆனால் இரண்டு பூங்கா வேண்டாம், ஒன்று போதும். மாமல்லபுரத்திலும் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். ஒரே பாறைச் சிற்பத்தின் முன் ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம். எத்தனை யானைகள், யார் தவம் செய்கிறார், அருகில் கைதூக்கி நிற்கும் பூனை ஏன் அங்கு வந்தது என்று பிள்ளைகள் கேட்கும் வரை காத்திருக்கலாம்.

தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து வியக்கும் மகளிடம், நம் ஊரிலிருந்து திருமயம் தாண்டினால் இத்தகைய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றனவே என்று சொல்ல நேரும்போது, அருகிலிருப்பதைக் காணத் தொலைவு சென்றோமே என்னும் எண்ணம் தோன்றினால் நல்லது. அதன் பயனாக ஐந்தில் இரண்டு நாளையாவது சொந்த மண்ணுக்கு ஒதுக்கலாம். முதியவருக்கு இரவு இரயில் முடியாது. சித்தன்னவாசலுக்கு வாடகை வண்டியில் வர முடியும். அவர் குன்றில் ஏற வேண்டாம், அடியில் மரநிழலில் அமர்ந்து பேரப்பிள்ளைகள் படகில் செல்வதைப் பார்க்கலாம். செக்கரியாவின் வீதியில் கோலூன்றிய முதியோரும் விளையாடும் சிறாரும் ஒன்றாக இருந்தனர் என்று முன்னர்க் கண்டோம். முதியோரை வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லும் விடுமுறை அந்த வீதியில் பாதியை அழித்துவிடுகிறது.

வண்டியில் இன்னும் ஓர் இடம் இருந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றையும் ஏற்றிக்கொள்ளலாம். கோடை முழுவதும் எங்கும் செல்ல வழியற்ற குழந்தை ஒன்று எந்தத் தெருவிலும் இருக்கும். தொண்டைமான் மன்னர் காலத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவம் பொறித்த அம்மன் காசு என்னும் சின்னஞ்சிறு செம்புக் காசு வழங்கிற்று. நவராத்திரி நாள்களில் அரிசியோடு அதையும் மக்களுக்குக் கொடையாக அளிப்பது அரசின் வழக்கம். 1910-இல் நிறுவப்பட்டு இன்றும் திருக்கோகர்ணத்தில் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் பழைய நாணயங்களிடையே நின்று இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் சமயம் வேறு. ஆயினும் பகிரப்படாத விழா விழாவாகாது என்னும் உண்மை எல்லாருக்கும் பொதுவானது.

கடன் அடைக்க வந்த தந்தையின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். உடனில்லாத நாள்களைத் திரும்ப வாங்க முடியாது. எந்தப் பூங்காவும் அந்தச் சீட்டை விற்பதில்லை. அக்கடனைப் பிள்ளைகளும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது தந்தையின் செலவன்று, தந்தையின் நேரம். அதிலும் அவசரமற்ற நேரம். திருக்குடும்பத்தின் பயணம் ஒன்றை லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரம் விவரிக்கிறது. ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேம் செல்லும் வழக்கப்படி, பன்னிரண்டு வயது மகனோடு சென்று திரும்பிய பெற்றோர், அவர் பயணிகள் கூட்டத்தில் எங்கேனும் இருப்பார் என்று எண்ணி ஒருநாள் பயணம் நடந்துவிட்டனர். மூன்றாம் நாள் கோவிலில் அவரைக் கண்டபோது அவர் போதகர் நடுவே அமர்ந்து, செவிகொடுத்துக் கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். அன்னை மரியாவும் யோசேப்பும் அவர் சொன்னதை உடனே விளங்கிக்கொள்ளவில்லை என்றே நற்செய்தி கூறுகிறது. ஆயினும் அன்னை அனைத்தையும் தம் உள்ளத்தில் பதித்துவைத்தார்.

கூட்டத்தில் எங்கேனும் இருப்பான் என்று நம்பி நாமும் எத்தனையோ நாள் நடந்துவிடுகிறோம். வெளிநாட்டில் உழைப்பவர் மட்டுமல்லர், உள்ளூரில் ஒரே கூரையின் கீழ் இருப்பவரும் அப்படியே நடக்கிறோம். திரும்பி வந்து தேடுவதற்கு ஆண்டவர் தரும் சில நாள்களே விடுமுறை. பிள்ளை எங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறதோ, அது குகைக் கோயிலின் வாயிலாயினும் இராட்டினத்தின் உச்சியாயினும், அங்கே சென்று அருகில் அமர்வதே பெற்றோரின் பணி. விடை தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லி உள்ளத்தில் பதித்துக்கொள்ளும் தந்தையையும் தாயையும் பெற்ற பிள்ளை, எத்தனை கல்லைக் கண்டது, எத்தனை முறை இராட்டினத்தில் சுற்றியது என்று ஒருநாளும் கணக்குப் பார்க்காது.